சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்னால்: நொடிக்கிற கம்பெனியை நடத்துகிறவர்களுக்கு

2016 நவம்பர் 19, சனிக்கிழமை. பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம். நான் கணக்குப் பார்த்த பனியன் கம்பெனியில் 110 பேர்; வாரச் சம்பளம் மூன்று லட்சத்துக்குப் பக்கம். திருப்பூரில் அப்போதெல்லாம் சம்பளம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணித் தருவதுதான். கம்பெனி அதற்கு முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. பணம் தேறாது என்று காலை பத்து மணிக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டவர்களிடமெல்லாம் "ஆறு மணிக்குள்ள வந்துரும்" என்றேன். முதலாளி அப்படிச் சொல்லச் சொன்னார். எனக்கும் அதுவே சுலபமாக இருந்தது.

ஆறரைக்கு உண்மை வெளியே வந்தது. ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கிற மெஷின்) அடிக்கிற அக்கா ஒருவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"காலையிலயே இல்லைன்னு சொல்லியிருந்தா, சாப்பாட்டு நேரத்துல போயி எங்க மாமன்கிட்டக் கேட்டிருப்பனே, அம்மிணி. அவரு அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிட்டாரு. திங்கக்கிழமை ஏழு மணிக்குக் குழுத் தவணை. இனி யார்கிட்டப் போவேன்?"

அவருக்கு நிறுத்திவைத்த 2,600 ரூபாயைப் புதன்கிழமை கொடுத்துவிட்டோம். அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்தப் பகலைக் கொடுக்க வழியே இல்லை.

இருபத்தேழு வருஷமாகத் திருப்பூரில் கணக்குப் பார்க்கிறேன். அதில் மூன்று முறை, நொடிக்கிற கம்பெனியில் மேலாளர் நாற்காலியில் உட்காரச் சொல்லி அழைத்தார்கள். இரண்டு கம்பெனி எழுந்துகொண்டது. ஒன்றை மூடினோம். அப்பா நடத்திய யூனிட் திடீரென்று கைக்கு வந்துவிட்ட பிள்ளைகள், பங்காளி விலகிப்போய்த் தனியாக நிற்கிறவர்கள், அப்படிப்பட்ட இடத்தில் சம்பளத்துக்கு மேலாளராக இருப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். நொடிக்கிற கம்பெனி எல்லாரிடமும் கடன் வாங்குகிறது. பணமாக வாங்கியது பேரேட்டில் இருக்கும். ஆட்களின் காலமாக வாங்கியது எங்கேயும் எழுதியிருக்காது. அதையும் எழுதுங்கள், வட்டியோடு திருப்புங்கள் என்பதுதான் நான் சொல்லப்போவது முழுவதும்.

முதலில் ஒரு தாள்

தமிழில் காலத்துக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள். நேரம், பொழுது, தவணை, கெடு, வாய்தா, அவகாசம். கடிகாரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். வாழ்கிறவருக்கு ஒவ்வொன்றும் வேறு. அவகாசம் என்பது மூச்சுவிட இடம். கெடு முடிகிற இடத்தில் எதுவோ கெடப்போகிறது. ஒரே பத்து நாள் முதலாளிக்கு அவகாசமாகவும் தையல்காரருக்குக் கெடுவாகவும் இருக்கும். முதலாளிமார் பெரும்பாலும் இரக்கம் இல்லாதவர்கள் இல்லை. தங்கள் பத்து நாளும் மற்றவர் பத்து நாளும் ஒரே நீளம் என்று நம்பிவிடுகிறார்கள். கோளாறு அங்கே தொடங்குகிறது.

ஆகவே முதல் வேலை: பெரிய சார்ட் தாள் ஒன்று வாங்குங்கள். மேலே 13 வாரங்களைக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் யார் யார் என்று எழுதுங்கள். எதிரே, அவரவர் காலம் எந்த நாளில் தீர்கிறது என்று குறியுங்கள். தொகையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

தையல்காரர், கைமடி (தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடிக்கிற உதவியாள்), செக்கிங், அயர்ன், பேக்கிங்: சனிக்கிழமை. இவர்களில் குழுக் கடன் உள்ளவர்கள் யார், அவர்கள் தவணை என்றைக்கு என்று லைன் சூப்பர்வைசர் அக்காக்களுக்குத் தெரியும், கேளுங்கள். பி.எப். (வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு): அடுத்த மாதம் 15ஆம் தேதி. ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு: 20. பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் போன்ற ஜாப் ஒர்க் செய்து தரும் சிறு பட்டறைகள்: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். இதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. நிதியாண்டு முடியும்வரை கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரியில் கழிக்கவும் முடியாது. ஏற்றுமதியானால் கப்பல் தேதி. அது தவறினால் விமானக் கட்டணம் உங்கள் தலையில்.

வங்கியின் காலம் தனி. தவணை தவறி 30 நாள்வரை ஒரு நிலை, 60 வரை அடுத்தது, 90 வரை மூன்றாவது. 90 தாண்டினால் வாராக்கடன். பலபேர் 80ஆம் நாள் வங்கி மேலாளரைப் பார்க்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவர் கையில் ஒன்றும் இருக்காது, கோப்பு மேலே போயிருக்கும். தவறுவதற்கு முன்னாலேயே போக வேண்டும். 25 கோடிவரை கடன் உள்ள சிறு, நடுத்தரத் தொழிலுக்கு 2016இல் ரிசர்வ் வங்கி ஓர் ஏற்பாடு வகுத்தது. கடன் கெடுவதற்கு முன்பே, கெடும்போல் இருக்கிறது என்று முதலாளியே வங்கிக்கு எழுதிக் கொடுத்துத் திருத்தத் திட்டம் கேட்கலாம். நான் பார்த்தவரை இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டால் கௌரவம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். என்னுடைய இரண்டாவது கம்பெனி பிழைத்ததற்கு இந்தக் கடிதத்தைத் தவணை தவறிய 22ஆம் நாளே கொடுத்தது ஒரு காரணம்.

தாளை முடித்ததும் அதில் ஒரு விஷயம் கண்ணில் படும். யாருடைய காலம் மிகக் குறுகியதோ அவர்தான் மிகக் குறைவாகக் குரல் எழுப்புகிறார். நூல் விற்கிற பார்ட்டி ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வார். கைமடிப் பெண் ஒரு தடவைகூடக் கேட்க மாட்டார். சத்தத்தைப் பார்த்துப் பணம் பிரித்தால் தவறாகப் பிரிப்பீர்கள். தாளைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. ஆட்களின் சம்பளத்தில் பிடித்த பி.எப்., இ.எஸ்.ஐ. பங்கை எந்தச் சூழ்நிலையிலும் வேறெதற்கும் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய முதுமையும் அவர்களுடைய காய்ச்சல் நாளும். எடுப்பது குற்றம் என்பது அதற்கு அப்புறம்.

சொல்வது எப்படி

காலையில் சொல்லுங்கள். கெட்ட செய்தி தெரிந்த உடனே, அன்றைக்கே, வேலை தொடங்கும்போது. சாயங்காலம் சொன்னால் கேட்பவர் கையில் ஒரு பகல் இருக்காது. அன்றைக்கு அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு மத்தியான இடைவேளை மட்டும்தான்.

தேதி சொல்லுங்கள். "பார்க்கலாம்", "சீக்கிரம்", "அடுத்த வாரம் எப்படியும்" என்ற மூன்றையும் நான் அலுவலகத்தில் தடுத்துவிட்டேன். தேதி தெரியாவிட்டால், எந்தத் தேதியில் தெரியும் என்று சொல்ல முடியும். "புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆர்டர் கொடுக்கிற பையரிடமிருந்து பதில் வரும். வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு இதே இடத்தில் வந்து சொல்கிறேன்." பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். அந்தப் பன்னிரண்டு மணியைக் காப்பாற்றிய பிறகுதான் என் பேச்சை நம்பத் தொடங்கினார்கள்.

நாற்காலியில் இருப்பவரே சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் வழியாகச் சொல்லி அனுப்புவது அந்தப் பெண்ணின் மேல் நம் பாரத்தை ஏற்றுவது. மெஷின்களை நிறுத்திவிட்டு, மோட்டார் சத்தம் அடங்கியதும், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பீஸ் ரேட்காரர்களுக்கு (தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள்) பணம் சேர்த்துக் கொடுங்கள். சின்னத் தொகைதான். ஆனால் "உங்கள் நேரத்துக்கு விலை உண்டு" என்று அவர்களுக்கு அது சொல்கிறது.

வெளி மாநிலத்து ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் காலம் ரயிலோடு கட்டப்பட்டது. ஜார்க்கண்டுக்குப் போகத் தன்பாத் எக்ஸ்பிரஸ்ஸில் இடம் வேண்டுமானால் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். "அடுத்த வாரம் வேலை இல்லை" என்று திடீரென்று சொன்னால், அந்தப் பையன் பொதுப்பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு போவான். ஆர்டர் குறையப்போகிறது என்று ஆறு வாரம் முன்பே தோன்றினால், தோன்றுகிறது என்றே சொல்லிவிடலாம். சொன்னால் ஆள் எல்லாம் ஓடிவிடும் என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். மூன்று கம்பெனியிலும் சிலர் போனார்கள், உண்மைதான். மீதிப்பேர் நின்றதற்குக் காரணத்தைப் பிறகு கேட்டேன். "எப்பப் போகணும்னு நீங்க சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர்.

பழைய பாக்கி

கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்டின் காலத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். போனதும் வரப்போவதும் தனியாக எங்கேயும் இல்லை. போனது நினைவாகவும், இருப்பது கவனமாகவும், வருவது எதிர்பார்ப்பாகவும் மனசில் இப்போதே இருக்கின்றன. வரவுசெலவு மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு இது முதலில் விளங்கவில்லை. இரண்டாவது கம்பெனியில் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசிய அன்றைக்கு விளங்கியது.

நான் அடுத்த மூன்று மாதத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேட்லாக் அடிக்கிற ஒருவர் எழுந்து, நாலு வருஷத்துக்கு முந்தின தீபாவளி போனஸில் பாதி வரவேயில்லை என்றார். அப்போது நான் அந்தக் கம்பெனியிலேயே இல்லை. "அது பழைய கதைங்க" என்று என் பக்கத்தில் இருந்த முதலாளி வாயெடுத்தார். அறையே இறுகிப்போனது. எங்களுக்கு அது இறந்த காலம். அவர்களுக்கு அன்று காலை நடந்தது மாதிரி. அவர்கள் பார்வையில் என் மூன்று மாதத் திட்டமும் ஏற்கெனவே வராமல் போன ஒன்றுதான். நினைவு கெட்டிருந்தால் எதிர்பார்ப்பும் கெட்டுத்தான் இருக்கும்.

அதனால், புதுத் திட்டம் பேசுவதற்கு முன்னால் பழைய பாக்கிப் பட்டியல் எடுங்கள். பேர் பேராக, தொகையும் தேதியும். தொகை சின்னதானாலும் மிகப் பழையதை முதலில் தீர்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பாக்கியை இருப்பவர்களுக்கு முன்னால் கொடுங்கள் என்பேன். இதில் பலர் என்னோடு ஒத்துக்கொள்வதில்லை. கைப்பணம் இல்லாதபோது போனவருக்கு எதற்கு என்பார்கள். போனவரும் இருப்பவரும் ஒரே சந்தில் குடியிருக்கிறார்கள். போனவருக்குக் கொடுத்தது அன்று ராத்திரியே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தனக்கு இனிப் பயனில்லாத ஒருவருக்கு இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்பதில் தன் எதிர்காலத்தை அவர் பார்த்துக்கொள்வார். நாங்கள் அந்த அரை போனஸை ஏழு வாரத்தில் கொடுத்து முடித்தோம். எட்டாவது வாரம்தான் புதுத் திட்டம் பற்றிக் கேள்வி கேட்கவே தொடங்கினார்கள்.

தலைமையும் இறந்த காலத்தில் மாட்டிக்கொள்ளும், வேறு விதமாக. 2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் திவாலானது. பிப்ரவரியில் 78 வயது கசுவோ இனமோரி சம்பளம் வாங்காமல் தலைமைக்கு வந்தார். விமானத் தொழிலில் அவருக்கு அனுபவம் கிடையாது. அங்கே ஒரு மாதத்துக் கணக்கு கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்; அதை ஒரு மாதத்துக்குள் கொண்டுவரச் செய்தார், ஒவ்வொரு தடத்தின் லாபநஷ்டத்தையும் தனித்தனியே பார்க்க வைத்தார். 2012 செப்டம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குத் திரும்பியது. இடையில் சுமார் 16,000 பேர் வேலையை இழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆட்களை மதிக்கிற தலைமை ஆட்களைக் குறைக்கவே மாட்டாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

கணக்கு தாமதமாக வந்தால் செத்துப்போன ஒரு மாதத்தைத்தான் நடத்திக்கொண்டிருப்போம். 2022இல் பஞ்சு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது திருப்பூரில் எத்தனை பேர் இதில் விழுந்தோம். பையரிடம் விலை பேசியது பழைய நூல் விலையில். நூல் வாங்கியது மூன்று மாதம் கழித்து. நஷ்டம் என்று தெரிந்தது சரக்குப் போய்ப் பணம் வந்த பிறகு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒவ்வோர் ஆர்டருக்கும் அன்றைய நூல் விலை, வெட்டிய பீஸ், தைத்த பீஸ், ரிஜெக்ட், பீஸுக்கு அடக்கவிலை என்று ஒரே பக்கத்தில் எழுதும் பழக்கத்தை அப்போதுதான் கொண்டுவந்தேன். கணினி நிரல் எதுவும் வேண்டாம், கோடு போட்ட நோட்டு போதும். தோராயமாக இருந்தாலும் சனிக்கிழமை வர வேண்டும். துல்லியமாக ஆறு வாரம் கழித்து வருவது ஒன்றுக்கும் உதவாது.

வேலை இல்லாத நாள்

பீஸ் ரேட்காரருக்குக் காத்திருப்பது பட்டினிக்குச் சமம். துணி வரவில்லை, வருமா வராதா என்று தெரியாமல் காலை எட்டரையிலிருந்து ஒரு மணிவரை மெஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்புகிற கம்பெனிகள் உண்டு. நாங்களும் செய்திருக்கிறோம். அந்த அரைநாளில் அவர் பக்கத்துக் கம்பெனியில் பீஸ் அடித்திருப்பார்.

நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லி வரவழைத்துவிட்டு வேலை தரமுடியாவிட்டால் அரை ஷிப்ட் கூலி கொடுங்கள். இது வலிக்கும். வலித்தால்தான் ஆர்டரின் வேலைகளை ஒருங்கிணைக்கிற மெர்ச்சண்டைசரும் சாயப்பட்டறைக்குப் போன் செய்கிற ஆளும் தேதியை ஒழுங்காக விசாரிப்பார்கள். எங்களுக்கு அந்த அரை ஷிப்ட் செலவு முதல் மாதத்தோடு பாதியாகக் குறைந்தது.

வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று ஆகிவிட்டால் நாள்களை முறை வைத்துப் பங்கிடுங்கள். பங்கிடும்போது இ.எஸ்.ஐ. கணக்கை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா போயிருந்தால்தான் அடுத்த ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்குகிற ஆறு மாதத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். 74 நாளில் நிற்கிற ஒருவருக்கு நாலு நாள் வேலை கொடுப்பதற்கும் கொடுக்காததற்கும் உள்ள வித்தியாசம் அவருடைய அறுவைச்சிகிச்சை மாதத்தில்தான் தெரியவரும். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். 60க்கும் 77க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு மீதி நாள்களில் முன்னுரிமை. ஏன் என்று மற்றவர்களிடம் விளக்கிச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

முதலாளியின் ராத்திரி

பணமுடையில் இருப்பவருக்கு எதிர்காலம் சுருங்கிக்கொண்டே வரும். வருஷம் பார்த்தவர் மாதம் பார்ப்பார். அப்புறம் நாளைக்குப் போடவேண்டிய செக் மட்டும் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்வார். அவர் தூங்காததால் கட்டிங் மாஸ்டரும் தூங்கக் கூடாது என்று ஆகிவிடும். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. வீட்டை அடமானம் வைத்து ஆட்களுக்குச் சம்பளம் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரவு ஒன்பதுக்கு மேல் எந்த முடிவும் எடுப்பதில்லை, யாருக்கும் போன் இல்லை என்று எழுதி ஒட்டினோம். தோன்றுவதை நோட்டில் எழுதலாம், காலையில் பேசலாம். காலையில் பார்த்தால் பாதி அடித்துவிடக் கூடியவையாக இருந்தன. வாரத்தில் ஒரு மணி நேரம், வியாழக்கிழமை, அந்த 13 வாரத் தாளின் கடைசி மூன்று கட்டங்களை மட்டும் பார்த்துப் பேசுவோம். இந்த வாரத்துச் செக் பற்றி அப்போது பேசக் கூடாது. எதிர்காலம் என்று நம் மொழி சொல்வது எதிரே வருகிற காலம் என்பதால்தான். நாம் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதில்லை, வருகிறதைப் பார்க்கத் திரும்பி நின்றால் போதும். அந்த ஒரு மணி நேரம் திரும்பி நிற்பதற்கு.

மூடுவதானால்

மூன்றாவது கம்பெனியில் வியாழக்கிழமைப் பேச்சில் ஒருநாள் பதினோராவது கட்டம் காலியாக இருந்தது. ஆர்டரும் இல்லை, கேட்கக்கூடிய இடமும் இல்லை. மெஷின்களை விற்றால் எல்லாருடைய பாக்கியையும் கொடுத்துவிடலாம் என்று கணக்கு வந்தது. இன்னும் நாலு மாதம் இழுத்தால் அது முடியாது. அந்த நாலு மாதம் முதலாளிக்கு நம்பிக்கை. ஆட்களுக்கு, மூடும்போது அவர்களுக்குச் சேரவேண்டிய ஈட்டுப்பணம். 46 பேர். மறுநாள் காலை எட்டரைக்குச் சொன்னோம், இன்னும் ஒன்பது வாரம் என்று.

அந்த அளவுக் கம்பெனிக்குச் சட்டம் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் சொல்கிறது. ஐந்து வருஷம் ஆனவர்களுக்குப் பணிக்கொடை தனி. அந்த ஒரு மாதத்தை ஒன்பது வாரமாக நீட்டியது நாங்களாகச் செய்தது. வாரத்துக்கு ஒரு நாள் வேலை தேடிப் போகச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தோம், யார் எந்தக் கிழமை என்று முறை போட்டு. பி.எப். கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனி பதியாவிட்டால் ஆள்கள் தாங்களே பதிய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் பெயர், ஆதார், பிறந்த தேதி எல்லாம் பொருந்துகிறதா என்று முதல் வாரமே சரிபார்க்கத் தொடங்கினேன். ஒன்பது பேருக்குப் பெயர் எழுத்துத் தவறு இருந்தது. திருத்தி முடிக்க ஐந்து வாரம் பிடித்தது.

கடைசிச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாருடைய பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. அனுபவச் சான்றிதழ்களை முந்தின நாளே அடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்திருந்தோம். இரண்டு மணிக்குக் கொடுக்கத் தொடங்கினோம். ராயபுரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக்குக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆறு மணிவரை ஆபீஸ் இருக்கும் என்று காலையில் தகவல் வந்திருந்தது. மூன்று மணிக்கெல்லாம் ஆறு பேர் உறையை எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பினார்கள்.